ஐம்பத்து நாலு ஊசி

மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில்
ஆட்டு விலை விசாரிக்கப் போன இடத்தில் வாங்கியது.
விற்றவர் பேர் மீராசா.
நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.
என் உள்ளங்கையில் அதைக் குப்புற வைத்து அழுத்தினார்.
"எந்த நட்டுன்னாலும் பிடிக்கும்.
ஏழு, பத்து, பத்தொம்பது,
சதுரம், காது வச்சது, கொக்கி,
உடைஞ்ச தலையா, அதையும்."
எடுத்தபோது கையில்
தேன்கூட்டின் அச்சு.

ஒரு கிண்ணம்.
அதற்குள் நெருக்கியடித்து நிற்கும் ஊசிகள்,
ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்பிரிங்.
நட்டு வந்து முட்டினால்
முட்டுப்பட்டவை உள்ளே போய்விடும்,
மற்றவை சுற்றி நின்றுகொள்ளும்,
கூட்டத்துக்குள் சப்பரம் நுழைகிற மாதிரி.

வள்ளியூரில் என் வாடகை வீட்டுக்கு அது போதும்.
அந்த வீட்டில் இரண்டு நட்டு ஒரே அளவில் கிடையாது.
எனக்கு முன்னால் குடியிருந்த ஒவ்வொருவரும்
கையில் கிடைத்ததை முடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
கட்டில் ஆட்டம் நின்றது.
மகள் சைக்கிளின் சீட் ஒரு விரல் உயர்ந்தது.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.

உச்சிமாகாளியின் மோட்டாருக்கு அடியில்
பதினேழு நட்டு, துரு.
"எங்கிட்ட ஒண்ணு இருக்கு" என்று நானே வலியப் போனேன்.
முதல் இழுப்பில் முனகியது.
இரண்டாவதில் கை திரும்பியது, கிண்ணம் திரும்பியது,
நட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது,
மூலை மட்டும் போய்
புளியங்கொட்டையாக வழவழத்து.
கேஸ் வைத்து அறுக்க இருநூற்றைம்பது ரூபாய்.
அவனே கொடுத்தான்.
அதற்குப் பிறகு எங்கள் வீட்டில்
தீப்பெட்டிகூடக் கேட்பதில்லை.

வேலை எனக்குக் காவல்கிணறு பக்கம், காற்றாலையில்.
எண்பது மீட்டர் ஏணி.
மேலே போகிற ஒவ்வொரு சாமானும்
ஞானதிரவியம் அண்ணாச்சி நோட்டில் ஏறித்தான் ஏணியில் ஏறும்:
முப்பத்தாறு சாக்கெட் ஒன்று,
டார்க் ரென்ச் ஒன்று,
துணி மூன்று.
இறங்கும்போதும் துணி மூன்றாகவே இருக்கணும்.
முடுக்கி முடித்த போல்ட்டில் சிவப்புக் கோடு;
கோடு மயிரளவு பிசகினால்
அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இறங்காது.

என் சட்டைப்பை கனத்ததைப் பார்த்துவிட்டார்.
"இது என்னவே?"
"எல்லாத்துக்கும் ஆகும் அண்ணாச்சி."
"எத்தன ஊசி?"
முழித்தேன்.
வேலையை நிறுத்திவிட்டு, பேனா முனையால்
அவரே எண்ணினார். ஐம்பத்து நாலு.
"மேல ஒண்ணு உதிர்ந்து கியர்பாக்ஸுக்குள்ள போனா
நீ உள்ள போய்த் தேடுவியா?
கீழ வையி."

ஆடி மாசம், ராதாபுரம் ரோடு.
இருட்டியபிறகு ஜீப் நின்றது.
பேட்டரி முனையில் பச்சை பூத்த ஒரு நட்டு.
பத்து ஸ்பானர் சும்மா சுற்றியது.
ஒன்பது நுழையவில்லை.
எந்த எண்ணும் இல்லை இப்போது அதற்கு,
அமிலம் தின்றதுபோக மிச்சம்.
டார்ச்சைப் பிடித்தபடி
என்னைப் பார்க்காமல் அண்ணாச்சி கேட்டார்:
"அந்தச் சனியன் கையில இருக்கா?"

கோணலைக் கோணலாகவே பிடித்தது.
கால் சுற்று, மெதுவாக. இன்னொரு கால்.
ஜீப் உறுமியதும் உருவி எடுத்தேன்.
ஊசிகள் சட்டென்று சமமாகின.
இவ்வளவு நேரம் பிடித்திருந்த அந்த நட்டின் உருவம்
அதற்குள் எங்கேயும் இல்லை.

அவர் வாங்கி எண்ணினார்.
ஐம்பத்து மூன்று.
மறுபடியும் எண்ணினார்.
இரண்டு பேரும் செம்மண்ணில் முட்டி போட்டோம்.
தூரத்தில் எங்கள் விசிறிகளைச் சுழற்றிய காற்று
இங்கே மண்ணை
ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தது.
"பானட்டுக்குள்ள எங்கயாவது கிடக்கும், வாங்க அண்ணாச்சி."
"எங்கயாவதுன்னு ஒரு இடம் இல்லவே."

மறுநாள் காலை நோட்டை நீட்டினார்.
துணி மூன்றுக்குக் கீழே, நீல மையில்:
ஊசி ஒன்று, பாக்கி.
கையெழுத்துப் போட்டேன்.